சைபர் செக்யூரிட்டி கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

நெட்வொர்க் செக்யூரிட்டி வேலைக்குப் போக வேண்டும் என்று நான் செலவழித்ததில் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் எந்தப் பயனும் இல்லாமல் போனது. கூடவே ஏறக்குறைய ஒரு வருடமும் போனது. இன்றைக்குச் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் ஃபயர்வால், அதாவது நெட்வொர்க்குக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று தடுக்கிற காவலைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். சம்பளம் பரவாயில்லை, வேலையும் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் கடன் பட்டுக் கட்டிய அந்தப் பணத்துக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குக் கிளம்பிய முதல் ஆள் நான். எந்தச் சான்றிதழ் முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று கேட்பதற்கு ஒருத்தரும் இல்லை. கோபி, அவிநாசி, தாராபுரம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் அதே மாதிரி மையங்களின் படியேறுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் காசுக் கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சொந்த ஊர் பெருந்துறைக்குப் பக்கம். 2022இல் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். கேம்பஸில் வந்ததெல்லாம் போனில் பேசும் வேலை. எனக்கு மனசு நெட்வொர்க்கிலும் செக்யூரிட்டியிலும் இருந்தது. காந்திபுரத்தில் ஒரு பயிற்சி மையத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பளபளவென்று ஏசி அறை, சுவர் முழுக்கக் கம்பெனி லோகோ. அங்கே ‘கவுன்சிலர்’ என்று ஒருவர் ஒரு பேக்கேஜ் காட்டினார். சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ, அதிலேயே செக்யூரிட்டிக்கான சிசிஎன்ஏ செக்யூரிட்டி, ‘எதிகல் ஹேக்கர்’ சான்றிதழான சிஇஎச், அதோடு அவர்கள் மையத்தின் ‘மாஸ்டர்’ சான்றிதழ், எல்லாம் சேர்த்து 95,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 1,12,100. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஏனுங்க, இதைப் படிச்சா வேலை உறுதிதானுங்களா?” “நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் சார், பயப்படாதீங்க.” விலை ஏறட்டும் என்று குடோனில் வைத்திருந்த மஞ்சளை அப்பா பெருந்துறை மார்க்கெட்டில் போட்டார். மீதிக்குக் கைமாற்று. அடுத்த வருடமே மஞ்சள் விலை கிடுகிடுவென்று ஏறியது. அப்பா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘பேக்கேஜில் தேர்வுக் கட்டணம் சேர்த்தியா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘சேர்த்திதான்’ என்பார்கள். எந்தத் தேர்வு, அதன் குறியீட்டு எண் என்ன, தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சர் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், அது எப்போது காலாவதி ஆகும், இந்த நான்கையும் ரசீதிலோ மின்னஞ்சலிலோ எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது என்று வெளியே வந்துவிடலாம். எங்கள் ரசீதில் ‘தேர்வுக் கட்டணம் உட்பட’ என்று மட்டும் இருந்தது. அது அவர்களுடைய மாஸ்டர் சான்றிதழுக்கான உள்தேர்வுக் கட்டணமாம். சிஸ்கோ தேர்வுக்கு நான்தான் தனியாகக் கட்ட வேண்டுமாம். வகுப்பு பாதி முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.

வகுப்பு எப்படி இருந்தது என்றால், முதல் நாளே காளி லினக்ஸ், அதாவது ஹேக்கிங் டூல்கள் நிறைந்த ஆபரேட்டிங் சிஸ்டம். பக்கத்து வைஃபை பாஸ்வேர்டை உடைப்பது, போலி லாகின் பக்கம் செய்வது என்று தினம் ஒரு வித்தை. பார்க்கக் கிளுகிளுப்பாகத்தான் இருக்கும். ஐபி முகவரி என்றால் என்ன, நெட்வொர்க்கைச் சின்னதாகப் பிரிக்கிற சப்நெட் எதற்கு, கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஒரு சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பவர்பாயின்டில் ஓடிவிட்டது. ‘சிசிஎன்ஏ செக்யூரிட்டி’ என்று கனமான ஒரு ஜெராக்ஸ் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் 210-260 என்று எண். ஹாஸ்டலில் ஒரு ராத்திரி அந்த எண்ணை சிஸ்கோவின் தளத்தில் தேடினேன். அந்தத் தேர்வையே சிஸ்கோ 2020 பிப்ரவரியில் எடுத்துவிட்டிருந்தது. செக்யூரிட்டி, வயர்லெஸ், கொலாபரேஷன் என்று தனித்தனியாக இருந்த சிசிஎன்ஏக்களை நிறுத்திவிட்டு, 200-301 என்ற ஒரே தேர்வாக மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இல்லாத தேர்வுக்கு நான் பணம் கட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே எந்த மையமாக இருந்தாலும் முதலில் தேர்வு எண்ணைக் கேளுங்கள். பிறகு அந்த எண்ணைத் தேர்வு நடத்துகிற நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள், மையத்தின் தளத்தில் வேண்டாம். சிசிஎன்ஏவுக்கு 200-301, அதன் பாடத்திட்டமும் 2024 ஆகஸ்டில் கொஞ்சம் மாறியது. காம்ப்டியா என்ற அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் தேர்வில் எஸ்ஒய்0-701 என்ற பதிப்பு 2023 நவம்பரில் வந்தது, பழைய 601 அடுத்த வருடம் ஜூலையோடு நின்றது. அவர்களுடைய நெட்வொர்க் பிளஸ்ஸிலும் அதே கதைதான், 2024இல் என்10-009 வந்து பழையதை ஓரங்கட்டியது. இந்தத் தேர்வுகள் சில வருடங்களுக்கு ஒருமுறை தோல் உரிக்கும். பழைய பதிப்புக்கு அடித்த புத்தகத்தைத் தள்ளுபடி என்று தலையில் கட்ட ஆட்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

அடுத்த அதிர்ச்சி சிஇஎச். ‘எதிகல் ஹேக்கர்’ என்ற பெயருக்கே நம் ஊரில் ஒரு மவுசு இருக்கிறது. பெற்றோருக்குக்கூட அது தெரியும். அந்தத் தேர்வை எழுத இரண்டு வழிதான். ஒன்று, தேர்வை நடத்துகிற ஈசி-கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகவல் பாதுகாப்பு வேலையில் இரண்டு வருட அனுபவம் காட்டி, 100 டாலர் விண்ணப்பக் கட்டணமும் கட்ட வேண்டும். அந்த 100 டாலர் திரும்ப வராது. எங்கள் மையத்துக்கு அங்கீகாரம் இல்லை. அப்போதுதான் கல்லூரி முடித்த எனக்கு அனுபவமும் இல்லை. அதாவது கையில் பணம் இருந்தாலும் அந்தத் தேர்வை நான் எழுத முடியாது. இதை எனக்கு வகுப்பில் யாரும் சொல்லவில்லை, தேர்வு நடத்துபவர்களின் தகுதிப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சிஇஎச் மோசம் என்று நான் சொல்லவில்லை. சில கம்பெனிகள் விளம்பரத்தில் அதைக் கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் அது சிசிஎன்ஏவைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். வழக்கமான தேர்வு நான்கு மணி நேரத்தில் 125 கொள்குறிக் கேள்விகள், கையால் செய்து காட்டுகிற பிராக்டிகல் தேர்வு தனி. வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி பணத்தில் எழுதுகிற சமாச்சாரம் அது. முதல் சான்றிதழாக வீட்டுப் பணத்தில் வாங்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

கடைசி மாதத்தில் பயிற்றுநர் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். ‘டம்ப்ஸ்’. அதாவது தேர்வில் வந்த கேள்விகளும் விடைகளும். “மனப்பாடம் பண்ணுங்க, பாஸ் ஆயிரலாம்.” தேர்வுக்குப் போகும்போது ஏற்றுக்கொள்கிற ஒப்பந்தத்திலேயே இதற்குத் தடை இருக்கிறது. பிடிபட்டால் சான்றிதழைப் பறிப்பார்கள், மறுபடி எழுதவும் விட மாட்டார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் இன்டர்வியூவில் தெரியும். என்னோடு படித்த ஒருவர் டம்ப்ஸ் வைத்து சிசிஎன்ஏ பாஸ் பண்ணினார். ஒரு கம்பெனியில் அவர் முன்னால் லேப்டாப்பை வைத்து இரண்டு விலான்களை, அதாவது ஒரே சுவிட்சில் பிரித்து வைத்த இரண்டு நெட்வொர்க்குகளை, ஒன்றோடொன்று பேச வையுங்கள் என்றார்களாம். பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டார். சான்றிதழ் இல்லாமல் போயிருந்தால்கூட ‘புதுசு, கற்றுக்கொள்வான்’ என்று விட்டிருப்பார்கள்.

என்னுடைய முதல் இன்டர்வியூவும் கிட்டத்தட்ட அப்படித்தான். பீளமேட்டுப் பக்கம் ஒரு அலுவலகம். எதிரே இருந்தவர் என் ரெஸ்யூமில் ஹேக்கிங் டூல்களின் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார், கேலியாக இல்லை. “இதெல்லாம் இருக்கட்டும்மா. பிரவுசரில் ஒரு வெப்சைட் பெயரைத் தட்டி என்டர் அடிச்சா, பக்கம் திறக்கிறதுக்குள்ள என்னென்ன நடக்குது? நிதானமாச் சொல்லு.” பெயரை ஐபி முகவரியாக மாற்றுகிற டிஎன்எஸ் என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் போகவில்லை. ஆர்ப் (ஐபி முகவரிக்குரிய கருவியைக் கண்டுபிடிக்கும் முறை) எதற்கு என்றார். இணைப்பை ஏற்படுத்துகிற டிசிபியில் முதல் மூன்று பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், என்ன என்றார். ஒரு /26 சப்நெட்டில் எத்தனை கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்கலாம் என்றார். 62 என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை. வெளியே அனுப்பும்போது அவர் சொன்னது: “செக்யூரிட்டி வேலை முதல் வேலை இல்லம்மா. நெட்வொர்க் தெரிஞ்சவங்களுக்கு ரெண்டாவது வேலை.” பஸ்ஸில் வரும்போது அழுதேன். வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் தனக்குத் தெரிந்த கணக்கில் புரிந்துகொண்டார்: “அப்ப மஞ்சளை வேக வைக்காமயே பாலிஷ் போடச் சொல்லிக் குடுத்திருக்கறாங்க அம்மணி.”

பிளேஸ்மென்ட் என்று மையம் அனுப்பியதெல்லாம் மறுபடியும் கால் சென்டர்தான். பணத்தைக் கேட்டால் ‘நோ ரீஃபண்ட்’ என்று அச்சடித்த வரியைக் காட்டினார்கள். ஹாஸ்டலில் இருந்த ஒரு அக்கா சொல்லித்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 பற்றித் தெரிந்தது. ரசீது, நோட்டீஸில் போட்டிருந்த ‘நூறு சதவீதம்’, நிறுத்தப்பட்ட தேர்வு பற்றிய சிஸ்கோவின் அறிவிப்பு, எல்லாவற்றையும் இணைத்துப் புகார் கொடுத்தேன். அது மையத்துக்குப் போனதும் பேச்சே மாறியது. இழுத்தடித்து 30,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னும் மேலே போயிருக்கலாம், 5 லட்சம் வரையான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. எனக்குத்தான் தெம்பு இல்லை, வீட்டிலும் ‘போனது போகட்டும் கண்ணு’ என்று அம்மா கையைப் பிடித்தார். கட்டியதில் இந்தத் தொகை போக, ஹாஸ்டலுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் முதலில் சொன்ன கணக்கு வரும். நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். எனக்கு அந்த நோட்டீஸ்தான் கை கொடுத்தது.

2023 நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஐடி அசிஸ்டென்ட் வேலை. 14,000 சம்பளம். பிரின்டர் ஓடவில்லை என்றாலும் நான்தான், சிசிடிவி தெரியவில்லை என்றாலும் நான்தான். ஊரில் ‘இதுக்கா இத்தனை செலவு பண்ணிப் படிச்சே’ என்று கேட்காத ஒறம்பரை இல்லை. ஆனால் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அங்கேதான். நான்கு மாடிக் கட்டடத்தில் எந்த வயர் எந்த சுவிட்சில் போகிறது என்று ஒரு படம் வரைந்தேன். சிசிடிவியையும் அக்கவுன்ட்ஸையும் வேறு வேறு விலானில் பிரித்தேன். நம் பக்கத்துக் கம்பெனிகளில் என்ன மாதிரி அடி விழுகிறது என்றும் கண்ணால் பார்த்தேன். தெரிந்த ஒரு யூனிட்டில், வெளிநாட்டு பையருக்கும் இவர்களுக்கும் நடந்த மெயில் பேச்சுக்குள் எவனோ புகுந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று பையருக்கு ஒரு மெயில் விட்டான். ஆர்டர் பணம் எங்கேயோ போய்விட்டது. இன்னொரு இடத்தில் ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலி பார்க்கட்டும் என்று சர்வரை வெளியிலிருந்து இயக்குவதற்கான வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்கே திறந்து வைத்திருந்தார்கள். காலையில் வந்து பார்த்தால் எல்லா ஃபைலும் பூட்டிக் கிடந்தது, பேக்கப் டிஸ்க்கும் அதே சர்வரில் செருகியபடியே இருந்ததால் அதுவும் போனது. இந்த இரண்டுக்கும் காளி லினக்ஸ் வித்தை ஒன்றும் தேவையில்லை. ரிமோட் போர்ட்டை மூடி, விபிஎன் என்ற பூட்டிய தனி வழி வைப்பது, மெயிலுக்கு இரண்டாவது சரிபார்ப்பு வைப்பது, பேக்கப்பைக் கழற்றித் தனியாக வைப்பது, கணக்கு மாறினால் போனில் கேட்காமல் பணம் அனுப்பாதே என்று பையரிடமும் நம் அக்கவுன்ட்ஸ் ஆட்களிடமும் சொல்லி வைப்பது, இவ்வளவுதான். செக்யூரிட்டி வேலையின் முக்கால்வாசி இந்த மாதிரிச் சாதாரண வேலைதான் என்று தெரிந்த பிறகு எந்தச் சான்றிதழைத் தேடுவது என்பதும் தெளிவானது.

பொழுதோட வேலை முடிந்து ரூமுக்கு வந்து, நெட்வொர்க்கை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். திரையிலேயே நெட்வொர்க் கட்டிப் பழகுகிற சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் பெயரைப் பதிந்தால் போதும். சாதாரண லேப்டாப்பில் ஓடும், ரவுட்டரும் சுவிட்சும் வாங்கவே தேவையில்லை. வயர்ஷார்க் என்று ஒன்று உண்டு, கம்ப்யூட்டருக்குள் வந்து போகிற பாக்கெட்டுகளை அப்படியே காட்டும், அதுவும் இலவசம். பீளமேட்டில் என்னிடம் கேட்ட கேள்வியை அதில் போட்டுப் பார்த்தேன். டிஎன்எஸ் கேள்வி போவது, பதில் வருவது, டிசிபியின் மூன்று பாக்கெட்டுகள், எல்லாம் கண் முன்னால் வரிசையாக ஓடின. அவ்வளவு பணம் கட்டிப் புரியாதது ஒரே ராத்திரியில் காசில்லாமல் புரிந்தது. கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ஃபயர்வால் செய்கிற ஃபார்டினெட் கம்பெனி தன் அடிப்படைப் பாடங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. நம் பக்கத்து மில்களிலும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் அவர்களுடைய சிறிய ஃபயர்வால் பெட்டிகள் நிறையப் புழங்குவதால் அதையும் சேர்த்துப் படித்தேன்.

கையில் காசில்லாத அந்தச் சமயத்தில் முதலில் எழுதியது ஐஎஸ்சி2 அமைப்பின் ‘சர்டிஃபைட் இன் சைபர்செக்யூரிட்டி’, சுருக்கமாக சிசி. பத்து லட்சம் பேருக்குப் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று 2022இல் அறிவித்திருந்தார்கள். கேள்விகள் ரொம்பக் கஷ்டமில்லை, செக்யூரிட்டியின் சொற்களையும் ஒழுங்கையும் ஒருமுறை கோவையாகப் படித்த மாதிரி இருக்கும். இலவசம் என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது: பாஸ் பண்ணிய பிறகு 50 டாலர் ஆண்டுக் கட்டணம் கட்டினால்தான் சான்றிதழ் கைக்கு வரும், வருடா வருடம் கட்ட வேண்டும். முதல் வருடம் கட்டினேன். வேலை தேடும்போது ரெஸ்யூமில் ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான். அதை மட்டும் பார்த்து யாரும் கூப்பிடவில்லை. நீங்கள் பெயர் பதியும்போது இலவசம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சிசிஎன்ஏவா, செக்யூரிட்டி பிளஸ்ஸா என்று ரொம்ப நாள் குழப்பம். யூடியூபில் பார்த்தால் எல்லாரும் செக்யூரிட்டி பிளஸ் என்றுதான் சத்தியம் செய்கிறார்கள். ஏன் என்று தேடியபோது விஷயம் விளங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கிறவர்கள் இன்னின்ன சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று 8570 என்ற விதி இருந்தது, இப்போது அதன் இடத்தில் 8140. அந்தப் பட்டியலில் செக்யூரிட்டி பிளஸ் இருக்கிறது, அதனால் அங்கே அதற்கு அவ்வளவு மதிப்பு. கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அந்த விதி எதற்கு? நான் வேலைத் தளங்களில் கோவை, சென்னை, பெங்களூர் என்று போட்டு, அனுபவம் இரண்டு வருடத்துக்குள் கேட்கிற விளம்பரங்களைத் தினமும் ஒரு நோட்டில் எழுதினேன். டிசிபி/ஐபி, சிசிஎன்ஏ, ஃபயர்வால், லினக்ஸ் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. செக்யூரிட்டி பிளஸ்ஸும் சிஇஎச்சும் ‘இருந்தால் நல்லது’ பக்கத்தில் இருந்தன. நீங்களும் இதைச் செய்யுங்கள், என் நோட்டை நம்ப வேண்டாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்கிற கம்பெனியைக் குறி வைத்தால் செக்யூரிட்டி பிளஸ் உங்கள் நோட்டில் மேலே வரலாம். பாடமாகப் பார்த்தால் அது நல்ல பாடம்தான், 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள், சில கேள்விகளில் செய்தும் காட்ட வேண்டும். விருப்பமிருந்தால் அதன் பாடத்திட்டத்தை இலவசமாக எடுத்துப் படித்துக்கொண்டு, தேர்வை வேலை கிடைத்த பிறகு எழுதலாம். ஓஎஸ்சிபி, சிஐஎஸ்எஸ்பி என்றும் காதில் விழும். முதலாவது, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து நிஜமாகவே சிஸ்டங்களை உடைத்துக் காட்டுகிற தேர்வு. இரண்டாவதற்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும். ஆரம்பத்தில் இரண்டையும் மறந்துவிடுங்கள்.

சிசிஎன்ஏ கட்டணம் 300 டாலர். அன்றைய டாலர் விலைக்கு வரியோடு 29,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இரண்டு மாதச் சம்பளம். பணம் கட்டும் முன் நம் ஊர் ஆட்களுக்கென்றே ஒரு கண்ணி உண்டு, அதுதான் இனிஷியல். எனக்கு ஒரு அட்டையில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே முழுசாக. தேர்வு மையத்தில் காட்டப் போகிற அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் பதிவுப் பெயரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம், பணமும் போகும். எந்த அட்டைகளை ஏற்பார்கள் என்ற பட்டியலையும் முன்பே படித்துவிடுங்கள். நான் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பதிந்து, அதையே எடுத்துப் போனேன். வீட்டிலிருந்தே எழுதலாம் என்றும் சொல்வார்கள். ஊரில் கரன்ட் எப்போது போகும் என்று தெரியாது, தேர்வு நடக்கும்போது அறைக்குள் வேறு யாராவது வந்தால் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் கதவைத் தட்டிவிட்டு வருகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. அதனால் கோவையில் மையத்துக்கே போய் எழுதினேன். சிசிஎன்ஏவில் ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. பள்ளிக்கூடத்தில் தெரிந்ததை முதலில் எழுதிப் பழகியவர்களுக்கு இது கையைக் கட்டிப் போட்டது மாதிரி இருக்கும், முன்கூட்டியே கடிகாரம் வைத்துப் பழகுங்கள். திரையில் ‘பாஸ்’ என்று வந்ததும் அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். “இது நெசமாலுமே இருக்கற பரிட்சைதானே அம்மணி?” என்றார்.

சிசிஎன்ஏவும் திருப்பூர் அனுபவமும் சேர்ந்ததும் இன்டர்வியூக்கள் வேறு மாதிரி இருந்தன. நான் வரைந்த அந்தக் கட்டட நெட்வொர்க் படத்தை, கம்பெனி பெயரும் முகவரிகளும் இல்லாமல் மறுபடி வரைந்து கொண்டுபோனேன். சான்றிதழைப் பற்றி ஒரு கேள்வி வந்தால் படத்தைப் பற்றிப் பத்துக் கேள்வி வந்தது. இரண்டு இடத்தில் வேலை கொடுத்தார்கள். ஒன்று சாக் என்கிற கண்காணிப்பு மையத்தில், மற்றது இப்போது இருக்கிற ஃபயர்வால் குழு. சாக் வேலையைப் பற்றிப் பெண் பிள்ளைகளும் வீட்டாரும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் அது 24 மணி நேர வேலை, ஷிப்ட் சுழலும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைக் கண்டுபிடித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், சிஸ்டங்களின் செயல்பதிவுகளான லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் யாராவது பார்த்துக்கொண்டிருக்காமல் தீராது. இது எந்த நோட்டீஸிலும் இருக்காது. ராத்திரி வண்டி வீட்டு வாசல் வரை வருமா, நைட் ஷிப்டுக்குத் தனிப் படி உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. நான் ஷிப்ட் குறைவாக இருந்ததால் ஃபயர்வால் பக்கம் போனேன். சாக் போன தோழி என்னைவிட வேகமாக மேலே போய்க்கொண்டிருக்கிறாள், அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஆயுள். சிசிஎன்ஏவுக்கும் செக்யூரிட்டி பிளஸ்ஸுக்கும் மூன்று வருடம்தான். பாஸ் பண்ணிய அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். வேலை இல்லாமல் இருக்கும்போது மூன்று நான்கு சான்றிதழ்களை வாங்கிக் குவித்தால், வேலை கிடைத்து ஊன்றுவதற்குள் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆகும், புதுப்பிக்க மறுபடி டாலரில் செலவு. ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

சித்தப்பா பையன் ஒருவன் கோபியில் மூன்றாம் வருடம் படிக்கிறான். ‘அக்கா, நாப்பதாயிரம் இருக்குது, எந்த கோர்ஸ்ல சேரட்டும்?’ என்று போன வாரம் கேட்டான். கோர்ஸில் சேராதே என்றேன். சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணத்தை முதலில் எடுத்து வை, மீதியில் பழைய லேப்டாப்புக்கு ரேமும் எஸ்எஸ்டியும் போடு, பாடம் எல்லாம் இலவசமாகக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். லீவில் பெருந்துறை சிப்காட்டில் ஏதாவது கம்பெனியின் ஐடி ஆளோடு சும்மாவாவது சுற்றட்டும், வயர் இழுக்கவாவது கற்றுக்கொள்வான். தேர்வுத் தேதி இன்னும் போடவில்லை. என் முன்னால் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்து, ஒரு வெப்சைட் திறக்கும்போது ஓடுகிற ஒவ்வொரு பாக்கெட்டும் எதற்கு என்று தடுமாறாமல் சொல்லட்டும், அதற்கப்புறம்தான் பணம் கட்டுவது என்று எங்களுக்குள் பேச்சு. முதல் முறை ஆர்ப்பிலேயே நின்றுவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறான்.